முப்பத்தோராவது கையெழுத்து

விடிவதற்குள் கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். அதற்கும் முன்னாலேயே ஆஸ்பத்திரி வண்டி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிருக்கும். இரத்தக் கறை ஒரு பக்கம், மருந்துக் கறை ஒரு பக்கம் என்று பிரித்து, துவைக்கும் எந்திரத்தின் வாய்க்குள் திணித்து, சுழன்று முடிந்ததும் ஈரத்தோடு இழுத்துப் போட வேண்டும். நனைந்த படுக்கை விரிப்பு பிணக்கனம் கனக்கும். தோள்பட்டை இற்றுப்போகும். பிறகு அது சூடான உருளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். அந்த மறுபக்கத்தில்தான் அண்ணிக்கு வேலை.

பதினோரு வருடமாக மடிப்பு வேலை. விரிப்பின் இரண்டு முனைகளை இவள் பிடிப்பாள். மற்ற இரண்டை எதிரில் நிற்பவள் பிடிப்பாள். ஒரு உதறல், ஒரு மடிப்பு, இரண்டு எட்டு முன்னால் வந்து முனையைக் கைமாற்றிவிட்டு மறுபடி பின்னால். எதிரில் நிற்பவள் வேறு யாருமல்ல, அண்ணியின் சொந்த நாத்தனார். அவள் ஆரம்பத்தில் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டு, தலை நரைத்த கொதிகலன்காரர் உட்பட சலவை ஆலை முழுவதற்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்குச் சின்னவள் என்று பெயர் நிலைத்தது.

வேடிக்கை என்னவென்றால், நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமியார் விட்டுப்போன தையல் மிஷின் யாருக்கு என்பதில் மூண்ட சண்டை. அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது. ஆனால் உருளைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் நான்கு கைகளும் ஒரே உடம்பில் முளைத்த மாதிரி வேலை செய்யும். கைக்கு என்ன தெரியும் வீட்டுச் சண்டை?

மூன்று வாரத்துக்கு முன்புதான் முதலாளி எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து ஆலையை விற்கப்போவதாகச் சொன்னார். வாங்குகிறவர் எந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கட்டடத்தை இடித்துக் கிடங்கு கட்டப்போகிறாராம். மறுநாள் கொதிகலன்காரரும் அண்ணியும் இன்னும் நாலு பேரும் முதலாளியின் மாடியறைக்குப் போனார்கள்.

"எங்களுக்கே வித்துடுங்க முதலாளி" என்றார் கொதிகலன்காரர். "கூட்டுறவுச் சங்கமா பதிஞ்சு வாங்கிக்கறோம். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு டீயை ரெண்டா பிரிச்சாலே உனக்கு அதிகம் எனக்குக் கம்மின்னு நிப்பீங்க. ஆலைய நடத்தப் போறீங்களா? சரி. முப்பத்தொரு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டு, இந்த மாசக் கடைசி சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொண்டு வாங்க. உங்களுக்கே தர்றேன். ஒரு கை குறைஞ்சாலும் பேச்சே கிடையாது."

எகத்தாளமாகச் சொன்னதுதான். ஆனால் கேட்டவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கொதிகலன்காரர் கூட்டுறவு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கொதிகலன் அறையில் இரண்டு கூட்டம் நடந்தது. கடன் எங்கே கிடைக்கும், முதல் வருடம் சம்பளத்தை எப்படிச் சமாளிப்பது என்று தொண்டை வறளப் பேசினார்கள்.

கடைசி சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்குத் தாளில் முப்பது கையெழுத்து ஆகிவிட்டது. சின்னவளிடம் நீட்டியபோது அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் போடமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

கொதிகலன்காரர் வியர்க்க விறுவிறுக்க அண்ணியிடம் ஓடிவந்தார். "என்ன அண்ணி இது? உங்க நாத்தனார்கிட்ட நீங்க விவரமாச் சொல்லலையா?"

"நானா? நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணே!"

"ஒரே வீட்டு ஆளாச்சே, நீங்க சொல்லாமயா இருப்பீங்கன்னு நான் விட்டுட்டேன்!"

விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். கூட்டம் நடந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வண்டியோடு போகும் முறை சின்னவளுக்கு. முப்பது பேரில் ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஒரு கையெழுத்து விழாவிட்டால் முப்பத்தொரு குடும்பம் தெருவில். அதற்குக் காரணம் தான் பேசாமல் இருந்த வீம்பு.

அவள் தன் இடத்துக்கு வந்து நின்றாள். விரிப்பு வந்தது. உதறினார்கள். இரண்டு எட்டு முன்னால் வந்து முகத்துக்கு முகம் நின்றபோது அண்ணி வாயைத் திறந்தாள்.

"உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

சின்னவள் முனையை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். அடுத்த விரிப்பில்தான் பதில் வந்தது.

"முதலாளி கூப்பிட்டுச் சொன்னாரு. உன்னைக் கலந்துக்காமலே எல்லாம் நடக்குது, நாளைக்கு அவங்க கைக்கு ஆலை போனா மொதல்ல உன்னத்தான் அனுப்புவாங்கன்னாரு. வேற எடத்துல வேலை வாங்கித் தர்றேன், கையெழுத்துப் போடாதேன்னாரு. அந்த மனுஷனுக்காவது என்கிட்ட பேசணும்னு தோணுச்சே!"

அடுத்த விரிப்பு.

"தப்பு என் மேலதான்."

"இத என் காதுல மட்டும் சொன்னா ஆச்சா? மூணு வாரமா நான் இங்க மனுஷியாவே இல்ல. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

உருளைக்குள் இருந்த கடைசி விரிப்பு கருகாமல் வெளியே வரும்வரை அண்ணி பொறுத்தாள். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சத்தம் அடங்கியதும் எல்லோரும் என்னவோ ஏதோ என்று கூடிவிட்டார்கள்.

"எங்க வீட்டு வீம்ப இங்க கொண்டுவந்து, இவகிட்ட சொல்லாம விட்டுட்டேன்" என்றாள் அண்ணி. "ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு பேசிட்டு ஒரு ஆளையே மறந்துட்டோம். என்னை மன்னிச்சிடு."

"எனக்கும் அதுல பங்கு இருக்கு தாயி" என்றார் கொதிகலன்காரர். "கூட்டத்தைக் கூட்டினவன் நான். உன்னைக் கேக்காதது பெரிய தப்பு."

சின்னவள் கொதிகலன்காரர் கையிலிருந்த தாளைக் காட்டினாள். "இனிமே ஒரு ஆள் இல்லேன்னாலும் கூட்டம் நடக்கக்கூடாது" என்றாள். "அதையும் அந்தத் தாள்ல எழுதுங்க."

எழுதிக்கொண்டிருக்கும்போதே முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பின்னால், கிடங்குக்கு இடம் அளக்க அளவுநாடாவோடு ஓர் ஆள்.

"உருளை ஏன் நிக்குது?"

"பேசிட்டிருந்தோம் முதலாளி" என்றாள் அண்ணி.

"பேசறதுக்கா சம்பளம் குடுக்கறேன்?" தாளை எட்டிப் பார்த்தார். "முப்பதுதானே? எனக்குத் தெரியும். ஒரே வீட்டுல இருக்கற ரெண்டு பொம்பளைங்களுக்குள்ள பேச்சு இல்ல. நீங்கல்லாம் சேர்ந்து ஆலை நடத்தப் போறீங்களாக்கும்!"

சின்னவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க சண்டை தையல் மிஷினுக்கு முதலாளி. பதினோரு வருஷத்துல இங்க ஒரு விரிப்பு எங்க கை தவறிக் கீழ விழுந்திருக்கா? சொல்லுங்க பார்ப்போம்."

பேனாவை வாங்கி, அழுத்தமாக, தாள் கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படி கையெழுத்துப் போட்டாள்.

முதலாளியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "கையெழுத்துப் போட்டா ஆச்சா? அது சும்மா பேச்சுக்குச் சொன்னது. வாங்கறவரு முன்பணம் குடுத்துட்டாரு."

"எப்போ?" என்றார் கொதிகலன்காரர்.

"நேத்து."

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எங்களுக்குக் கெடு. நேத்தே வாங்கிட்டீங்களா? அப்ப திருப்பிக் குடுங்க."

"எனக்கே புத்தி சொல்றியா? யோவ், நீ அளவெடுய்யா!"

நாடாக்காரர் சுவரோரம் போய், "யாராவது இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று நீட்டினார். பதினோரு வருடப் பழக்கம், அண்ணியின் கை தானாக முன்னால் போனது. சட்டென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பிடிக்க ஆள் இல்லீங்க" என்றாள் சின்னவள்.

நாடாக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஈரத்தில் வெளுத்த கைகள், சூட்டில் கொப்பளித்துக் காய்ந்த கைகள், ஒன்றும் அசையவில்லை. முதலாளி தானே முனையைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ச்சுவரை நோக்கி நடந்தார். சுவரை ஒட்டி வரிசையாக ஆட்கள் நின்றார்கள். யாரும் விலகவில்லை.

"வழி விடுங்க!"

"இது நாங்க வேலை செய்யற இடம் முதலாளி. நீங்க சொன்ன சொல்லுக்கு வழி விடுங்க" என்றாள் அண்ணி. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

நாடாக்காரர் பிடியை விட்டார். நாடா சரசரவென்று போய் முதலாளியின் காலடியில் சுருண்டது. "நீங்க பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க சார். இவங்களத் தள்ளிவிட்டு அளக்கறதுக்கு எனக்குக் கூலி தரல" என்று சொல்லி, அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"திங்கட்கிழமை போலீசோட வர்றேன்" என்று முதலாளி படியேறினார்.

"வாங்க. முப்பத்தொரு பேரும் இங்கேயே இருப்போம்!" என்று பின்னாலிருந்து பல குரல்கள் எழுந்தன.

இனி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கடன் கிடைக்கவில்லை. சங்கம் இன்னும் பதிவாகவில்லை. ஈர விரிப்புகள் மட்டும் மலையாகக் குவிந்து கிடந்தன.

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகணும்" என்றாள் சின்னவள். "ஆபரேஷன் ஆனவங்க வெறும் கட்டில்லயா படுப்பாங்க? உருளையைப் போடுங்க அண்ணி."

"முதலாளி ஒண்ணும் சொல்லலையே" என்றது ஒரு குரல், பழக்கதோஷத்தில்.

"நாம சொல்லுவோம்" என்றாள் சின்னவள்.

முப்பத்தொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். அண்ணி மாடிப்படிப் பக்கம் திரும்பாமலே பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.