பாறைமேல் தூங்கும் வெங்காயம்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. அழுகிய வெங்காயம் ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு எறியப் போனபோது, இதற்காக அழக்கூடிய ஒருத்தி எங்காவது இருப்பாளா என்று தோன்றியது. இருக்கிறாள். தாவரப் பூங்காவில் தோட்டக்காரி.

முதல் தொடக்கம்: "அந்தியின் பொன்னொளி மலைச்சரிவில் மெல்ல—"

வேண்டாம். வெங்காயத்துக்குப் பொன்னொளி எதற்கு?

2

சாலை போடப் பாறையை உடைத்தபோது, அங்கே மட்டும் வளர்ந்த காட்டு வெங்காயத்தில் மூன்று கிழங்குகளை அவள் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தொட்டியில் கொழுத்த மண் நிரப்பி நட்டு, தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு கூழாகிவிட்டன.

"சமைக்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது. இதுக்கு இவ்வளவு சீராட்டா அண்ணி?" என்றான் கொழுந்தன். உடைத்த கல்லை லாரியில் ஏற்றிப் போனவன் அவன்தான்.

"நீ பேசாதே. அதோட வீட்டை இடிச்சதே நீங்கதான்."

"நான் கல்லைத்தானே ஏத்தினேன்?"

"அந்தக் கல்லுதான்டா வீடு!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

(இவனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். அண்ணி திட்டினால் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறான். என்ன செய்ய?)

3

கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பாறை, அதன்மேல் விரல் ஆழத்துக்கு மண். மழையில் ஊறும், கோடையில் தோசைக்கல்லாய்க் காயும். பெரிய செடிகள் அங்கே பிழைக்காது. அதனால்தான் இந்தச் சின்னதுக்கு இடம் கிடைத்தது. கோடை வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். காய்ந்த இலையைக் கண்டு பதறிய இவள், தூங்குகிற பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

மிஞ்சிய ஒன்றுக்குத் தண்ணீரை நிறுத்தினாள். கை குறுகுறுத்தது. பூவாளியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

4

கோடை முடியும்போது கொழுந்தன் ஒரு பை நிறையச் சரளைமண்ணோடு வந்தான்.

"ஓரத்துல ஒரு பாறை உடையாம நிக்குது அண்ணி. சாலை அந்தப் பக்கம் வராதாம், கேட்டுட்டேன். மேல மண்ணுகூட இருக்கு."

அவள் தொட்டியைப் பார்த்தாள். வீடு இருக்கிறது. குடிபோக ஆள் இருக்கிறதா?

"இது தூங்குதா, செத்துடுச்சா?"

"பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான்டா இருக்கும்."

5

முடிவு அ: பச்சை முளை. கொழுந்தன் குதிக்கிறான்.

முடிவு ஆ: வெறும் தோல். அவள்—

இரண்டையும் அடித்துவிட்டேன். எது உண்மை என்று தெரியவேண்டுமானால் தோண்ட வேண்டும். தோண்டினால், ஒருவேளை புதுவேர் விட்டிருந்தால் அதுவும் அறுந்துபோகும்.

இதோ, முதல் மழை. தொட்டியைக் கூரைக்கு வெளியே நகர்த்துகிறாள். வாசலில் லாரி உறுமுகிறது.

"பாறைக்குக் கிளம்பலாமா அண்ணி?"

"பொறுடா. அது முதல்ல எழுந்திரிக்கட்டும்."

நீங்களும் வந்து அவள் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மண்ணில் விரலை மட்டும் விடாதீர்கள்.