கரகம் திரும்பிய வழி

ஊர்த்தலைவர் குருநாதனுக்கு நாகேந்திரன் செய்த துரோகம் சாதாரணமானதல்ல. தன் மகளின் காதுகுத்தில் தாம்பூலத் தட்டை அவருக்கு இரண்டாவதாக நீட்டிவிட்டார். முதலில் வாங்கியது தாய்மாமன் என்பதெல்லாம் ஒரு சமாதானமா?

கணக்குத் தீர்க்க மாரியம்மன் திருவிழா வந்தது. உச்சிப்புளிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் கரகத்தை ஒரே ஆள் சுமந்து சுற்றுவதில்லை. ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கடைசி வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு, அடுத்த செவ்வாய் அதே வரிசையில் தலைகீழாகத் திரும்பும். ஆகவே எந்த வீட்டுக்கும் இரண்டு வீடுகள் தெரிந்தால் போதும். போகும்போது கொடுக்க ஒன்று, வரும்போது கொடுக்க ஒன்று.

இந்த வருஷம் வரிசையைக் கம்ப்யூட்டர்தான் போடும், தான் கை வைக்கப் போவதில்லை என்று குருநாதன் கோயிலில் சூடம் அணைக்காத குறையாகச் சொன்னார். பிறகு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் என்ன போட வேண்டும் என்று மகள் சிநேகாவிடம் சொன்னார். நாகேந்திரன் வெளியே. புதுக் காரில் தலைவரை முதல் சவாரி ஏற்றிய தங்கப்பாண்டி உள்ளே.

"பிசகாம முடிச்சுக் குடு. மூணாம் வருசப் படிப்புக்கு ஹாஸ்டல்ல சேத்து விடுறேன்."

அதிர்ந்து பேசத் தெரியாத சிநேகாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவள் ராமநாதபுரத்தில் இரண்டு வருஷம் கணினி படித்தவள். சி மொழியில் படித்த இரட்டை இணைப்புப் பட்டியலும் ஊர்க் கரகமும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பட்டியலின் ஒவ்வொரு கணுவும் ஒரு வீடு, அதில் ஒரு பெயர். அடுத்த வீட்டைக் காட்ட நெக்ஸ்ட், முந்தைய வீட்டைக் காட்ட பிரீவ். தங்கப்பாண்டியைச் செருக நாலு இணைப்புகளை எழுதினாள். அவருக்கே இரண்டு, இருபுறத்து வீடுகளுக்கும் ஒவ்வொன்று. நாகேந்திரனை எடுப்பது இன்னும் சுலபமாக இருந்தது. அவருக்கு முந்தைய முத்துகிருஷ்ணனின் நெக்ஸ்ட்டை, அவருக்கு அடுத்த இருளம்மாள் பக்கம் திருப்பினாள். முன்னாலிருந்து ஓட்டிப் பார்த்தாள். நாகேந்திரன் இல்லை.

கரகமும் அப்படியே போனது. நாகேந்திரன் மனைவி சேதுலட்சுமி மஞ்சள்தண்ணிச் செம்போடு வாசலில் நின்றாள். கரகம் நிற்காமல் தாண்டியதும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். கம்ப்யூட்டருக்கு ஈவு இரக்கம் கிடையாதே என்று குருநாதன் நாலு பேரிடம் வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை, திரும்பும் வரிசையை வீடுகளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவதற்காகச் சிநேகா பட்டியலைப் பின்னாலிருந்து ஓட்டினாள். இருளம்மாளுக்கு அடுத்து நாகேந்திரன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். இருளம்மாளின் பிரீவைத் திருப்ப மறந்திருந்தாள். ஒரே ஒரு வரி எழுதினால் போதும், மனிதர் ஒழிந்துவிடுவார்.

அய்யாவிடம் சொல்லிவிடலாம் என்று கூடத்துக்குப் போனாள். அங்கே தங்கப்பாண்டி தன் அண்ணன் மகன் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குருநாதன் பூரித்துப்போயிருந்தார்.

"ஹாஸ்டலுன்னீகளேய்யா?"

"அதான் கம்ப்யூட்டரு வேல முடிஞ்சிருச்சுல்ல. இனி என்னத்துக்கு ஹாஸ்டலு? போயி காப்பி போடு."

சிநேகா காப்பி போட்டாள். பிறகு அந்த ஒரு வரியை எழுதாமலேயே எல்லோருக்கும் அனுப்பினாள். நாகேந்திரன் வீட்டுக்கும் ஒன்று போனது.

மறுநாள் இருளம்மாள் தலையில் கரகத்தோடு நேரே நாகேந்திரன் வாசலில் போய் நின்றாள். வாசலில் நின்ற கரகத்தை அந்த வீட்டார் வாங்காமல் திருப்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். குருநாதன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கம்ப்யூட்டரு போட்டதுண்ணே," என்றாள் இருளம்மாள். "கை வைக்க மாட்டேன்னு நீங்கதான சொன்னீக?"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. குருநாதன் சிரிக்க முயன்றார். சேதுலட்சுமி இருளம்மாள் காலில் மஞ்சள்தண்ணியை ஊற்றினாள். நாகேந்திரன் கரகத்தை வாங்கி முத்துகிருஷ்ணன் வீட்டுக்கு நடந்தார். அம்மனே கம்ப்யூட்டருக்குள் இறங்கி நியாயம் சொல்லிவிட்டாள் என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குருநாதன் குரலைத் தாழ்த்தினார். "எங்கன தப்பு நடந்துச்சு?"

"ஒரு ஆள எடுக்க ரெண்டு பக்கமும் அறுக்கணும்யா. எங்களுக்கு ஒரு பக்கந்தான் நடத்தியிருக்காக." சிநேகா தரையைப் பார்த்துச் சொன்னாள். "மத்தது மூணாம் வருசத்துலதான்."

குருநாதன் மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் ஒரு வருஷம் முழுசாக இருந்தது. பிறகு தங்கப்பாண்டிக்குப் போன் போட்டு, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாமே என்று ஆரம்பித்தார்.