செத்த நம்பர்

1

“பாலாய்க்கு வந்து, நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னு போலீஸ்கிட்ட சொல்லுங்கண்ணே.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கதையே எழுதுகிறேன். ‘மொதலாளிகிட்ட இத மட்டும் கேட்டுறாத’ என்று காளியம்மா மகளை எச்சரித்து அனுப்பியிருந்தாள். தம்பி வேலை பார்க்கும் ஈப்போக் கடைக்குள் நுழைந்ததும் நவமணி அதைத்தான் கேட்டாள்.

(முதல் வரைவு மழையில் தொடங்கியது. தம்பி பாலாயில், போலீஸ் லாக்கப்பில் கிடக்கும்போது என்ன மழை? அடித்துவிட்டேன்.)

2

தம்பி சதாசிவம் அந்தக் கடையில் போன் பழுதுபார்ப்பவன். உள்ளே போர்டை மாற்றினால் போனின் அடையாள எண்ணும் மாறிவிடும். பழைய எண்ணையே திரும்ப ஏற்றுவது ரிப்பேரா, குற்றமா? சட்டம் படித்த இருவரைக் கேட்டேன். இரண்டு பதில் வந்தது.

சதாசிவம் ஏற்றியதோ குப்பைக்குப் போன வேறொரு போனின் எண். “செத்த நம்பர்தான்லா, யாரு வந்து கேக்கப் போறா?” என்று மாற்றச் சொன்னார் முதலாளி ஸைஃபுல். தம்பிக்குச் சோறு கொண்டுபோயிருந்த நவமணி அதைக் காதால் கேட்டாள். ரிப்பேருக்கு வந்தது திருட்டுப் போன். பிடிபட்டவன் சதாசிவம்.

3

ஸைஃபுலை வில்லனாக்கத்தான் பார்த்தேன். மனுஷன் அவளுக்குக் குடிக்கத் தே ஐஸ் சொல்லிவிட்டார்.

“ஒக்காரு தங்கச்சி. யூனிவர்சிட்டி போயி வாய்தான் நீண்டிருக்கு.”

“வருவீங்களா, மாட்டீங்களா? இல்லாட்டி நான் போயி சாட்சி சொல்வேன்.”

“சொல்லேன். ஒன் ஐசி நம்பர் யாருதுன்னு நானும் சொல்றேன்.”

ஸைஃபுலின் குடும்பம் சுங்கை சிப்புட் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தது. அவருக்குத் தெரியும். காளியம்மாவின் மூத்த பிள்ளை அதே தோட்டத்து லயத்து வீட்டில் காய்ச்சலில் செத்தது. சாவைப் பதியவில்லை. அடுத்துப் பிறந்த இவளுக்கு அதே பெயர், அதே பிறப்புப் பத்திரம். ‘இருக்கிற பொறப்பு சூராட்ட ஏன் வீணாக்கணும்?’ என்றாராம் அப்பா. பள்ளிக்கூடம், பட்டம், வேலை, ஐசி என்கிற அடையாள அட்டை எல்லாம் அந்தக் குழந்தையின் எண்ணில்தான்.

(கதைக்காக இவள் பெயரை மாற்றலாம் என்று நினைத்தேன். அதற்குச் சட்டம் தடையில்லை. ஆனால் இவளுடைய சொந்தப் பெயர்தான் என்ன என்று—)

4

முடிவு ஒன்று: ஸைஃபுல் மனமிரங்கிக் கடையைப் பூட்டி... வேண்டாம், பொய்.

முடிவு இரண்டு: நவமணி வாயை மூடிக்கொள்கிறாள், தம்பி ஜெயிலுக்குப் போகிறான். நம் ஆட்களுக்குப் பழகிய முடிவு. அதையும் அடித்துவிட்டேன்.

“நீங்க சொல்ல வேணாம். யாரு நம்பருன்னு நானே சொல்லிர்றேன்.”

“பைத்தியமா ஒனக்கு? படிச்ச படிப்பே ஒன்னுது இல்லன்னு ஆயிரும்.”

“ஆகட்டும்.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். சாட்சி சொல்ல வருகிறவளிடம் பாலாயில் முதலில் ஐசியைத்தான் கேட்பார்கள். அதற்குமேல் எழுத என்னால் ஆகாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் திருப்பி மட்டும் கூப்பிடாதீர்கள்.