பழுதுக்கான காரணம்

“உன் கை நடுங்கும்னு உங்க வீட்டுல யாரும் சொன்னதே இல்லையா?”

பத்தாம் வகுப்பில், துப்பாக்கி சுடும் போட்டியன்று, ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் பயிற்சி மாஸ்டர் என்னிடம் கேட்ட கேள்வி.

இளவயதில் தான் பதக்கம் வாங்கிய ரைஃபிளை அன்று அவர் என்னிடம் கொடுத்திருந்தார். மற்ற ரைஃபிள்களில் பயிற்சியின்போது நான்தான் முதல். அதனால் அந்த மரியாதை. சுட்ட பத்துக் குண்டும் பத்துத் திசைக்குப் போயின. “துப்பாக்கியில ஏதோ கோளாறு சார்” என்று முனகினேன். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்” என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

மறுநாள் முதல் எனக்கு ‘நடுக்கம்’ என்று பெயர். நான் தண்ணீர் குடித்தால் தம்ளரைப் பார்த்தார்கள். கரும்பலகையில் எழுதப் போனால் பின் பெஞ்சு தாளம் போட்டது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை.

அம்மாவின் தம்பி துப்பாக்கி பழுது பார்க்கிறவர். மூன்று வருடமாக நான் மாமாவின் பட்டறையில்தான் இருக்கிறேன். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. வருகிற துப்பாக்கிக்கெல்லாம் ஓர் அட்டை எழுதுவது என் வேலை. பழுது என்ன, காரணம் என்ன, எவ்வளவு நாளாக. கொண்டு வந்தவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் துப்பாக்கி வெளியே போகும்.

போன வியாழக்கிழமை காலை மாஸ்டர் அந்த ரைஃபிளோடு வந்தார். உடன் அவர் மகள், பதினாறு வயது இருக்கும், இடது கையில் துப்பாக்கி தாங்கும் கையுறை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை மாநிலத் தேர்வு” என்றார் மாமாவிடம். “ரெண்டு வருஷமா குண்டு சிதறுது. துப்பாக்கி சரியில்லைங்கறா. இது பதக்கம் வாங்குன துப்பாக்கி. ஒரு குறையும் இல்லைன்னு உங்க வாயால சொல்லிடுங்க, அடங்குவா. இந்தத் தடவையும் கோட்டை விட்டாள்னா வீட்டோட இருக்கட்டும்.”

“டாக்டர்கிட்ட வந்து எனக்கு நோயே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களே சார்” என்று சிரித்தார் மாமா.

மகள் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

ரைஃபிளை மேசையில் கிடத்தினேன். பேரலின் வாய்க்கு நேரே என் முகம் இருந்தது. அந்த வட்ட விளிம்பு சீராக இருக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான். அதன் அடிப்பக்கம் பிறை போலத் தேய்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என் கை இல்லை. அன்றைக்கும் என் கை இல்லை.

அப்போதே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஏதோ தேய்மானம் என்று அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவரை அப்படிப் போகவிட எனக்கு மனமில்லை.

“வாயைப் பாத்தியாம்மா?” என்றார் மாமா. எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவோம்.

“கடைசியா பாக்கலாம் மாமா.”

ஒரு புருவத்தை உயர்த்தினார். ஆனால் தடுக்கவில்லை.

முதலில் திருகுகள். பேரலையும் கட்டையையும் பிணைக்கிற இரண்டையும் சோதித்து, “இறுக்கமா இருக்கு” என்று சத்தமாகச் சொன்னேன். “நானே முடுக்கினது” என்றார் மாஸ்டர். அடுத்து குறிபார்க்கும் சைட்டைக் கழற்றிவிட்டு, பட்டறையில் உள்ள நல்லதை மாட்டினேன். குண்டுகளையும் மாற்றினேன். அவர் சாக்குச் சொல்லித் தப்பக்கூடிய கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தேன்.

பட்டறைக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் நீளத்தில் சுட்டுப் பார்க்கும் பாதை உண்டு. மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்தேன்.

“நீங்களே சுடுங்க சார். உங்க கைதான் ஆடாதே.”

அவருக்கு அது பிடித்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து ஐந்து குண்டு சுட்டார். மகள் ஓடிப்போய்த் தாளை எடுத்து வந்தாள். ஓட்டைகளை மூட உள்ளங்கை அகலம் போதவில்லை.

“வெயில் கண்ணுல அடிக்குது” என்றார்.

“வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருக்குப்பா” என்றாள் மகள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு.

தட்டியை இழுத்து நிழல் கட்டினேன். இன்னொரு ஐந்து. இந்தத் தடவை ஒரு குண்டு தாளிலேயே படவில்லை.

மாமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கூடம் கோணல்தான் போலிருக்கு சார்.”

மாமாவுக்கு என் கதை தெரியும். மாஸ்டர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். “உன்னை எங்கயோ பாத்திருக்கேனே.”

“இருக்கலாம் சார். இதை யார் சுத்தம் பண்ணுவாங்க?”

அந்தக் கேள்வியை, விளிம்பைப் பார்த்ததிலிருந்தே நாக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன். இருபது வருஷமா ஒரு வாரம் தவறினதில்லை.”

“எப்படின்னு காட்டுங்களேன்.”

பையிலிருந்து நீள இரும்புக் கம்பியை எடுத்தார். நுனியில் துணி சுற்றி, பேரலின் வாய் வழியாகவே உள்ளே விட்டு, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி இழுத்து இழுத்து விட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி சாய்ந்து, விளிம்பின் அதே அடிப்பக்கத்தில் உரசியது. கிர்ரென்று சத்தம் வேறு.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். “பின்பக்கமா விடணும் சார். இப்படி விட்டா வாய் போயிடும்.”

நான் பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுக்கவில்லை. மகளிடம் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். சுட்ட புகைக்கறை வாயைச் சுற்றி ஒரே சீராகப் படிவதற்குப் பதில், தேய்ந்த பக்கம் மட்டும் வால் போல நீண்டிருந்தது.

மாமா அந்த விளிம்பைச் சீவிச் சமப்படுத்தினார். பிறகு மகளை உட்காரச் சொன்னேன். “மூட்டை வேண்டாம். உன் கையாலேயே சுடு.” ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம்.

“பாத்தியா, என் துப்பாக்கியாச்சே” என்று மாஸ்டர் அவள் தோளைத் தட்டினார்.

நான் அட்டையை எடுத்தேன்.

“தேய்மானம்னு போட்டுடும்மா, போதும்.”

“அது பழுது சார். காரணத்துக்குத் தனி இடம் இருக்கு.”

மாமாகூட, “விடேம்மா” என்றார், மெதுவாக. நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வராத அழகான கையெழுத்தில் எழுதினேன். *காரணம்: உரிமையாளர் வாரந்தோறும் இரும்புக் கம்பியை வாய் வழியே விட்டுச் சுத்தம் செய்தது. எவ்வளவு நாளாக: மூன்று வருடத்துக்கு மேல். சுட்டவர்கள்மேல் குறையில்லை.* கடைசி வரிக்கு அட்டையில் இடமே கிடையாது. ஓரத்தில் எழுதினேன்.

மாஸ்டர் படித்தார். பேனாவைக் கேட்கவில்லை.

“இதுல எதுக்குக் கையெழுத்து? பெரிய கோர்ட்டு.”

“கையெழுத்து இல்லாம துப்பாக்கி வெளிய போகாது சார். ஞாயித்துக்கிழமை தேர்வு.”

மாமாவைப் பார்த்தார். மாமா எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் விரல்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிக்காமல், வகுப்பே என்னைப் பார்த்த மாதிரி பார்த்தேன். அவர் இரண்டு தடவை எழுத்தை விட்டுத் தொடங்கினார். வெல்லக்கட்டி போல இனித்தது எனக்கு. அதை மறைக்க மாட்டேன்.

அட்டையை அவருக்குத் தருவதுதான் முறை. மகள் பக்கம் நீட்டினேன். அவள் மூன்று வரியையும் படித்தாள். ‘மூன்று வருடத்துக்கு மேல்’ என்ற இடத்தில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, தான் சுட்ட இரண்டு வருடத்தைக் கழித்துப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

“அதான் சரியாயிடுச்சே. ஞாயித்துக்கிழமை பொளந்து கட்டிடலாம்” என்றார் அவர். “எடு, கிளம்பலாம்.”

அவள் கையுறையைக் கழற்றினாள். ரைஃபிளின்மேல் வைத்தாள். அட்டையை மட்டும் நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். “ஏய், வண்டி இந்தப் பக்கம்” என்று அவர் கூப்பிட்டார். அவள் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்து போனாள்.