ஷர்ஷெனின் வண்டி கிளம்பாத காலைகள்

நாரின் என்ற மலையூரில் மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டிகள் கடைசியில் பெர்மெத்தின் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். வண்டியின் மின்சார வேலை மட்டும்தான் அவள் செய்வாள். நவம்பரில் ஒரு காலை, ஷர்ஷெனின் ஜப்பான் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து அவள் வாசலில் விட்டுப் போனார்கள்.

ஷர்ஷென் தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். அன்று மனைவி துர்சுனாயும் கூடவே வந்திருந்தாள்.

"என்னண்ணே, அக்காவை வண்டி தள்ளுறதுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றாள் பெர்மெத்.

"நான் எங்க கூப்பிட்டேன்? அவளா வந்து ஏறிக்கிட்டா. வண்டி செத்துப்போச்சுன்னு சொன்னா அழறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

துர்சுனாய் சிரிக்கவில்லை. சுவரோரம் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஷர்ஷென் பொரிந்து தள்ளினார். "ஒருநாள் குதிரை மாதிரி கிளம்புது. அடுத்த நாள் அசைய மாட்டேங்குது. சரி, இன்னைக்கு அவ்வளவுதான்னு படுத்துட்டு மத்தியானம் போய்ச் சாவியப் போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. பேட்டரி மாத்தினேன், பிளக் மாத்தினேன், பெட்ரோல் பம்ப்பையும் மாத்தியாச்சு. ஸ்டாண்டுல பயலுக எனக்கு 'நாளைக்குக் கிளம்புறவர்'னு பேர் வெச்சுட்டானுக. இப்ப என்னடான்னா மூணு நாளா சுத்தமா இல்ல."

"சாவியப் போடுங்க, பார்ப்போம்."

ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பெர்மெத் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி வரவில்லை. ஸ்கேனரை மாட்டி மறுபடி சாவி போடச் சொன்னாள். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே திரையில் வேகம் சைபர் என்று காட்டியது.

"இன்ஜின் சுத்துதுங்கற சேதியே கம்ப்யூட்டருக்குப் போகல. அதுக்குத் தெரியாம அது எப்படிப் பொறி குடுக்கும்?"

"அப்ப சென்சார் போச்சா?"

"இருங்க, அதையும் மாத்திட்டு வந்து நிக்காதீங்க."

இன்ஜின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சாரை மீட்டர் வைத்துப் பார்த்தாள். அதில் பழுதில்லை. கம்ப்யூட்டர் பக்கத்து முனையில் வைத்துப் பார்த்தபோது இணைப்பே இல்லை. ஆக, நடுவில் எங்கோ வயர் விட்டுப்போயிருக்கிறது. அதற்குள் ஷர்ஷென் சிகரெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்காரரோடு பேசப் போய்விட்டார்.

பெர்மெத் வயர்க்கட்டைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரலுக்கு வேறு டேப் தட்டுப்பட்டது. கம்பெனி சுற்றியது சொரசொரப்பாக இருக்கும். இது பஜாரில் விற்கிற வழவழப்பான கறுப்பு டேப். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் பிரிந்து வண்டிக்குள் போயின. கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கீழே விரிப்பைத் தூக்கினாள். கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருந்தது. காலணிகளிலிருந்து உருகிய பனித் தண்ணீர் இறங்கி அதன் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். துர்சுனாய் எழுந்து நின்றிருந்தாள்.

"அக்கா, இது யார் வேலை?"

"அலாரம் மாட்டுற ஒருத்தனை வெச்சு நான்தான் பண்ணினேன்." துர்சுனாய் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "போன மார்ச்சுல அவரோட பிஷ்கெக் போனேன். டோலோன் கணவாய் இறக்கத்துல வண்டி ஓரமா போகுது. திரும்பிப் பார்த்தா, கண்ணு தெறந்துதான் இருக்கு. உள்ள ஆள் இல்ல. நான்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தேன். பின்னாடி இருந்தவங்க எல்லாம் தூக்கம். முழிச்சதும், 'அசந்துட்டேன்'னார். அசந்தவன் கண்ணைத் தெறந்துக்கிட்டா அசருவான்?"

"டாக்டர்கிட்ட?"

"எத்தனை தடவை சொல்றது? 'அப்புறம், அப்புறம்'தான். காலையில டீக்கிண்ணத்தைப் பிடிக்கிற விதத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். அன்னைக்கு மட்டும் சுவிட்சை அணைச்சு வைப்பேன், வண்டி கிளம்பாது. தெளிஞ்சதும் போட்டுடுவேன். ஆனா இந்த மூணு நாள் நான் தொடவே இல்ல, சத்தியமா."

"சுவிட்சே செத்துப்போச்சுக்கா."

"அப்ப புதுசு ஒண்ணு போட்டுக் குடு. அவர்கிட்ட மூச்சு விடாத."

பெர்மெத் தலையை ஆட்டினாள். "போட மாட்டேன். ஓடிட்டிருக்கும்போது இது விட்டுப்போனா இன்ஜின் பட்டுனு நின்னுடும். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக்கும் கொஞ்ச நேரம்தான். எந்த இறக்கத்துக்குப் பயந்து வெச்சீங்களோ, அதே இறக்கத்துல இது உங்களைக் கொன்னுருக்கும்."

துர்சுனாய் முகம் வெளுத்துவிட்டது. "கிளம்பாதுன்னு மட்டும்தானே அவன் சொன்னான்..."

ஷர்ஷென் உள்ளே வந்தார். துர்சுனாயே சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்.

முதலில் அவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு கழுத்துவரை சிவந்துபோனார்.

"பம்ப்பையே மாத்தினேனேடி! ஸ்டாண்டே சிரிச்சுது. நீ பக்கத்துல உக்காந்து எனக்கு டீ ஊத்திக் குடுத்துட்டு இருந்த!"

"ஆமா, குடுத்தேன். குடிக்க நீங்க உசுரோட இருந்தீங்க, குடுத்தேன்."

அவர் வெளியே போய்ப் பனியில் நின்றுகொண்டார்.

பெர்மெத் சுவிட்சை வெட்டி எறிந்தாள். வயரை ஒட்டுப்போட்டு, ஈயத்தால் பற்றவைத்து, டேப் சுற்றினாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஷர்ஷென் திரும்பி வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். வண்டியை எடுக்கவில்லை.

"ஆகஸ்ட்லயும் ஒருதடவை அப்படி வந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "கோச்கோர் தாண்டி. தனியாத்தான் இருந்தேன். முழிச்சுப் பார்த்தா வண்டி உருளைக்கிழங்கு வயல்ல நிக்குது."

துர்சுனாய் டயர்மேல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இன்ஜினை அணைத்துச் சாவியைப் பெர்மெத்திடம் நீட்டினார். "இங்கயே கிடக்கட்டும், தங்கச்சி. நாங்க வேன்ல போய்க்கிறோம்."

"வீட்டுக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றார். மனைவி எழுந்து வரும்வரை வாசலிலேயே நின்றார்.

வலிப்பில் ஒரு வகை அது என்று பிஷ்கெக்கில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலம் ஷர்ஷெனுக்குக் கொடுமையாகத்தான் கழிந்தது. ஸ்டாண்டுப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. பனி உருகியதும் வண்டியை எடுத்துப் போக ஒரு மருமகனை அனுப்பினார். ஆற்றோர மைதானத்தில் துர்சுனாய்க்கு அவரே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், கத்துகிற கத்தல் அக்கரைக்குக் கேட்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஜூலையில் துர்சுனாய் ஹெட்லைட் மாற்றுவதற்கு பெர்மெத்திடம் வந்தாள். பின்சீட்டில் கோச்கோருக்குப் போகும் இரண்டு பெண்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் வரலியா?"

"வீட்லதான் இருக்காரு. நான் கியர் மாத்துற சத்தத்தைக் கேட்டா நெஞ்சு வலிக்குதாம்."