யக்ஞநாராயணனுக்கு ஒரு நியூஸ் ஃபீட்

மிருதுளாவுக்கு ரசிகர்களைப் பிடிக்காது. அதிலும் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த காபியை ஆறவிட்டு, அப்பாவின் காலைப் பார்த்தே பேசுகிற ரசிகர்களை அறவே பிடிக்காது. ஹேமநாத் அந்த ரகம்.

அவனுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவன் பால்குடி மறப்பதற்குள் அவள் அப்பா யக்ஞநாராயணன் படங்களுக்கு இசையமைப்பதை நிறுத்திவிட்டார். அவர் எங்கே நிறுத்தினார், சினிமாதான் அவரை நிறுத்தியது. மொத்தம் ஏழு படம். ஓடியது இரண்டு. அதிலும் ஒரே ஒரு மழைப்பாட்டுதான் இன்னமும் எஃப்.எம்.மில் எப்போதாவது தலைகாட்டும். அந்த ஒற்றைப் பாட்டை வைத்துக்கொண்டு ஹேமநாத் ஒரு வெப்சைட்டே நடத்தினான். டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற மகானுபாவர்கள் அதில் கூடி, பாட்டின் நடுவே வருவது புல்லாங்குழலா கிளாரினெட்டா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். போட்ட மனுஷன் சேலையூரில் உயிரோடுதானே இருக்கிறார், ஒரு போன் செய்து கேட்டால் போச்சு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேட்டால் சண்டை முடிந்துவிடுமே, அப்புறம் பொழுது எப்படிப் போகும்?

"மேடம், இனிமே யாரும் சைட்டுக்கு வரவே வேண்டாம்" என்றான் ஹேமநாத், கோயில் பிரசாதத்தை நீட்டுகிறவன் மாதிரி. "நியூஸ் ஃபீட்னு ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன். சாரைப் பத்தி நாம ஒரு வரி போட்டா போதும். சப்ஸ்க்ரைப் பண்ணினவங்க கம்ப்யூட்டருக்கு அதுவே போய் இறங்கிடும்."

"என்ன நியூஸ்?"

"சாரோட நியூஸ்."

அப்பாவின் நியூஸ் என்ன என்று மிருதுளாவுக்குத் தெரியும். காலையில் வாக்கிங், பத்து மணிக்குப் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஆர்மோனியத்தின் மேலிருக்கும் துணியை எடுத்து உதறிவிட்டுத் திரும்பவும் அதன் மேலேயே போர்த்துவது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பேஷா ஆரம்பிப்பா" என்று சொல்லிவிட்டார்.

ஆரம்பித்தான். 'இசை மேதை புதிய பல்வரிசையுடன்!' என்பது முதல் செய்தி. அப்பா பல்செட் கட்டிக்கொண்டதைத்தான் அப்படிப் போட்டிருந்தான். அதற்கு வந்த வாழ்த்துகளைப் பார்த்து மிருதுளா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்தது, மேதை செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்து போனார். அதற்கடுத்தது, நேற்று போன அதே கரையில் இன்றும் போனார். பிறகு அவனுக்கே சரக்கு தீர்ந்துவிட்டது.

ஒருநாள் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தான். ஸ்டாஃப் ரூமில் பரீட்சைப் பேப்பர் மலையாகக் குவிந்து கிடந்த நேரம்.

"மேடம், ஃபீட் காஞ்சு கெடக்கு. எல்லாரும் கேக்கறாங்க. ஏதாவது குடுங்க மேடம்."

மிருதுளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுதிக்கோங்க. பம்பாய்லேர்ந்து ஒரு பெரிய ப்ரொட்யூசர் வந்து அப்பா கால்ல விழுந்துட்டார். ஆறு பாட்டு. வர வெள்ளிக்கிழமை கம்போஸிங். காலைல கம்பெனி கார் வரும். போதுமா, இன்னும் வேணுமா?"

"செம காமெடி மேடம்" என்று சிரித்தான் ஹேமநாத். கிண்டல் என்று அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் போட்டான். காய்ந்து கிடக்கிறவனுக்குச் சாக்கடைத் தண்ணீரும் தண்ணீர்தானே!

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா முகச்சவரம் செய்து, விபூதி இட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டொரண்டோலேர்ந்து ஒருத்தர் பேசினார் மிருது. அழறார். சந்தோஷத்துல அழறார். பம்பாய் பார்ட்டியாமே?"

அவள் தோள் பையைக்கூடக் கழற்றவில்லை. "யார் சொன்னா? உங்ககிட்ட யாராவது நேர்ல வந்து பேசினாளா?"

"அசடே, நேர்ல எப்படி வருவா?" என்று அப்பா சிரித்தார். "எங்க ஃபீல்டுல அதான் வழக்கம். முதல்ல ஊரெல்லாம் பேசிக்கும். அப்புறம் ஒருநாள் வாசல்ல கம்பெனி கார் வந்து நிக்கும். நடுவுல நாம போய் விசாரிக்கப்படாது, அது மரியாதை இல்ல. ஏழு படமும் அப்படித்தானே வந்தது?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது மகள் தவளை, கெட்டது அப்பா. மொட்டை மாடிக்குப் போய் ஹேமநாத்தைச் செல்போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள்.

"சைட்லேர்ந்து உடனே தூக்கிடறேன் மேடம். ஆனா ஃபீட்ல போனது போனதுதான். அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இறங்கியிருக்கும், அதை நான் எப்படிப் போய் அழிக்கறது?" என்றான். அப்புறம் குரலில் ஒரு குஷி. "வேணும்னா மறுப்பு போடலாம் மேடம். அதுவும் ஒரு நியூஸ்தானே!"

பட்டென்று போனை வைத்தாள். மறுப்பு போட்டால் டொரண்டோக்காரர் மறுபடியும் அழுவார், இந்தத் தடவை துக்கம் விசாரித்து. அதைவிட வெள்ளிக்கிழமை வரட்டும், கார் வராது, அப்பா தானே அடங்கிவிடுவார் என்று சும்மா இருந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைக்கிற டீச்சருக்குச் சொந்த வீட்டில் அவ்வளவுதான் தைரியம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஜெயவேலு வந்து நின்றார். கோவளம் பக்கத்துக் குப்பம் ஒன்றின் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்த தட்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயாவோட மழைப்பாட்டுன்னா எங்க குப்பத்துக்கு உசுரு. கடலுக்கு போட்டுல போசொல்ல டேப்புல அதான் ஓடினுகீது. எங்க எல்லையம்மன் திருவிழாவுக்கு சீடி போட்றோம். நாலு பாட்டு ஐயா கையாலதான் வோணும்னு கமிட்டில முடிவு பண்ணிக்கீறோம்."

சமையலறையில் இருந்த மிருதுளா அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். எத்தனையோ வருஷம் கழித்து, நிஜமான வேலையோடு, நிஜமான ஆள் ஒருத்தர் வந்து நிற்கிறார். அந்த ரசிக சிகாமணிகளில் ஒருத்தனாவது 'நாலு பாட்டு போடுங்கள்' என்று கேட்டதுண்டா? அப்பா துள்ளிக் குதித்து ஒப்புக்கொள்வார் என்று காத்திருந்தாள்.

அப்பா தட்டைத் தொட்டுக் கும்பிட்டார். "ரொம்ப சந்தோஷம். ஆனா தேதி இல்லையேப்பா. நாளைக்குப் பம்பாய் கம்பெனி கம்போஸிங் ஆரம்பிக்கறது. ஒத்துண்டாச்சு. தப்பா நினைச்சுக்கப்படாது."

ஜெயவேலு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். மிருதுளா செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள்.

"இன்னா மேடம், இப்டி ஓடியாறீங்க?"

"அந்தப் படம்... அப்படி ஒண்ணு கிடையாதுங்க. நெட்ல வந்தது பொய்ச் செய்தி. திரும்பி வாங்க, நான் அப்பாகிட்ட பேசறேன்."

அவர் முகம் மாறியது. "படம் இல்லியா? அப்போ ஐயா தேதி இல்லன்னு சொன்னது?"

"அவரும் அதை நம்பிட்டார்."

"தனக்குப் படம் கீதா இல்லியான்னு தனக்கே தெரியாதா மேடம்?" ஜெயவேலு கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். "குப்பத்துக் கோயிலுக்குப் பண்ண மனசில்லன்னா நேரா சொல்லிக்கலாம். நாங்க ஒண்ணும் கோச்சிக்க மாட்டோம். இதுக்கு ஒரு பொய், அதுக்கு மேல நீங்க வந்து ஒரு பொய், இன்னாத்துக்கு மேடம்?"

அப்பா பொய் சொல்லவில்லை, அந்தப் பொய் என் வாயிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திரும்பி வந்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஸ் ஸ்டாப்பில் அவள் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருத்தி, "வணக்கம் மிஸ்" என்று சிரித்தாள். மிருதுளாவும் சிரித்து வைத்தாள். அதற்குள் பஸ் வந்து, ஜெயவேலு தட்டோடு ஏறிப் போய்விட்டார்.

ஊரில் இருக்கிற ரசிகர்களையெல்லாம் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தவளுக்கு முதல்முறையாகத் தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. ஹேமநாத்தாவது செய்திக்கு ஆசைப்பட்டுப் போட்டான். அவள் எதற்காகச் சொன்னாள்? தன் வாய்ச் சாமர்த்தியத்தைத் தானே ரசிக்கத்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது அப்பா போனில் ஹேமநாத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்ப்பா, கோயில் பாட்டு கேட்டு வந்தா. தேதி இல்லேன்னு சொல்லிட்டேன். அதைப் போட்டுக்கோ... நிஜமாத்தான். இப்போதான் போனா."

அந்த ஃபீடில் ஒரு செய்தி என்று சொல்லும்படி முதல்முதலாக வரப்போவது அதுதான். நாளைக்கு டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் 'சிங்கம்யா எங்க சார்' என்று கொண்டாடுவார்கள்.

அப்பா போனை வைத்துவிட்டு ஆர்மோனியத்தின் துணியை எடுத்து உதறினார். இந்தத் தடவை திரும்பப் போர்த்தவில்லை, மடித்து அலமாரியில் வைத்தார்.

"மிருது, அந்த வெள்ளை ஜிப்பாவைக் கொஞ்சம் இஸ்திரி போட்டு வை. கார் சீக்கிரமே வந்துடும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சொருகினாள்.