மாற்று வண்டி

லட்சுமணனின் தலை முதல் தடவை சாய்ந்தபோது, பாட்டுக்குத் தலையாட்டுகிறான் என்றுதான் கோதை நினைத்தாள். பாட்டுக்குத் தலையாட்டாத டிரைவர் உண்டா? ஆனால் இரண்டாம் தடவை சாய்ந்தபோது பாட்டு முடிந்துபோயிருந்தது. வண்டி மெல்ல வலப்பக்கம் ஒதுங்கியது. எதிரே வந்த செங்கல் லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. லட்சுமணன் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

கோதை சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகச் சிறுசேரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி வண்டி அது. கோதை அந்தக் கம்பெனியின் அட்மின் மேனேஜர். அவளுக்குத் தனிக் கார் உண்டு. அது சர்வீசுக்குப் போயிருந்ததால் இன்றைக்கு மட்டும் இந்த டவேராவில் முன் சீட்டில் ஏறியிருந்தாள். பின்னால் ரக்ஷா. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் தூங்குகிறவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை.

"அண்ணா, ராத்திரி தூங்கலையா?"

"தூங்கினேன் மேடம்."

"கண்ணெல்லாம் செவந்திருக்கே?"

லட்சுமணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மகாபலிபுரம் ரிசார்ட்லேந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு டிராப்பு. அத்த முட்ச்சிட்டு நேரா உங்கள ஏத்த வந்துட்டேன். நேத்தும் அப்டித்தான். வண்டி ஷெட்டுக்குப் போயே ரொம்ப நாளாவுது."

"உங்க ஓனர் வேற டிரைவர் போடக் கூடாதா?"

"எங்கேந்து போடுவாரு? காலியா ஓடுற கிலோமீட்டருக்கு உங்க கம்பெனி டப்பு தர்றதில்லியாமே. வண்டி நின்னா நஷ்டம், ஓட்டிகினே இருங்கடான்றாரு வாசுதேவன் சார். எவளோ ஒரு மேடம் ரேட்ட புழிஞ்சி எடுத்துட்டாளாம். அவ நல்லா இருப்பாளா சொல்லுங்க?"

அந்த 'எவளோ' சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

புழிந்தது உண்மைதான். கம்பெனிக்கு வண்டி ஓட்டும் ஒப்பந்தத்துக்கான ஏலத்தை அவள் கோடையில் நடத்தினாள். வண்டிக்காரர்கள் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, குறைத்துச் சொன்ன விலையைத் திரையில் போட்டுக்காட்டுவது அவள் கண்டுபிடித்த முறை. அடுத்தவன் விலையைக் கண்ணால் பார்த்தால் மனிதனுக்கு வெறி பிடித்துவிடும். கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா, ஐம்பது பைசாவாக இறங்கி, கடைசியில் வாசுதேவன் அடிமாட்டு விலைக்கு ஒத்துக்கொண்டார். தோற்றுப்போன கோவளம் நூர்முகமது எழுந்து போகும்போது, "இந்த ரேட்டுக்கு வண்டிய ஓட்டலாம்மா, டிரைவர தூங்க வெக்க முடியாது" என்றார். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிற கதை என்று கோதை சிரித்துக்கொண்டாள். கம்பெனி அவளுக்கு மேடை போட்டுக் கைதட்டியது.

இப்போது நூர்முகமது சொன்னது காதுக்குள் ஒலித்தது. ஏரிக்கரை வளைவுகள் இனிமேல்தான் வரும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம்.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்கண்ணா. ஒரு டீ சாப்பிட்டுப் போகலாம்."

"ஐயோ, லேட்டாயிடும் மேடம். லேட்டானா டிரிப்பு காசே கட்டு, ஒத்த பைசா தர மாட்டாங்க."

அந்த விதியும் அவள் எழுதியதுதான். சரி, மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொன்னாள். "கட்டு பண்ண மாட்டாங்க. நான்தான் அட்மின் மேனேஜர் கோதை. நான் சொல்றேன், நிறுத்துங்க."

சொல்லியிருக்கவே கூடாது. லட்சுமணனின் முகம் வெளிறிவிட்டது. பயணி மாதிரி ஆளை ஏற்றிவிட்டு டிரைவர்களைச் சோதிப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். வழியில் நிறுத்தினவன் மறுநாள் வேலையில் இருக்க மாட்டான். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவதியும் சாட்சாத் கோதையேதான்.

"மேடம், செக்கிங்குன்னு தெரியாம வாய வுட்டுட்டேன். மன்னிச்சிக்கோங்க. நான் நடுவுல நிறுத்துறவன் இல்ல மேடம். வேணா பாருங்க!"

ஆக்சிலேட்டரை மிதித்தான். மரங்கள் பின்னால் பறந்தன. விறைப்பாக உட்கார்ந்து சாலையை முறைத்தான். கொஞ்ச தூரம்தான். அப்புறம் அந்த முறைப்பு அப்படியே உறைந்துபோனது. கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. முதல் வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. அதட்டினால் இன்னும் மிதிப்பான். ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தால் ஏரிதான். பெருமாளே, பெருமாளே என்று மனம் அடித்துக்கொண்டது.

கோதை வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "வாந்தி வருது!"

எமனே எதிரில் வந்தாலும் நிறுத்தாத டிரைவர் வாந்திக்கு நிறுத்துவான். சீட்டைக் கழுவப்போவது அவன்தானே. வண்டி கிறீச்சென்று கரையோரம் நின்றது. கோதை சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். லட்சுமணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லி முடிப்பதற்குள் ஸ்டீயரிங்கில் கவிழ்ந்து தூங்கிவிட்டான்.

கோதைக்கு அழுகை வந்தது. விழித்துக்கொண்ட ரக்ஷாவை இறக்கிக் கரைச்சரிவில் நிற்கவைத்தாள். பிழைத்தோம் என்று அவள் மூச்சு விடும்போது, வண்டிக்குள் லட்சுமணனின் செல்போன் அடித்தது. எடுத்தாள். கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்கிலிருந்து கிருஷ்ணபிரசாத்.

"எங்கடா நின்னுகினு கீற? கட்டு போடவா?"

"நான் கோதை பேசறேன். டிரைவருக்கு முடியல. வண்டிய நிறுத்தச் சொல்லிட்டேன்."

"மேடம்! சாரி மேடம். ஜிபிஎஸ்ல வண்டி நின்னது தெரிஞ்சதுமே வாசுதேவன் மாத்து வண்டி அனுப்பிட்டாரு. நீங்க போட்ட ரூல் மேடம், அரை மணியில வரலேன்னா அபராதமாச்சே. வந்துடுவான்."

"யாரு டிரைவர்?"

"ஆபிரகாம். இப்பத்தான் ஏர்போர்ட் டிராப் முடிச்சுட்டு வந்தான். பக்கத்துலதான் இருந்தான், அப்படியே திருப்பிவிட்டுட்டாங்க."

"வேணாம்! வரவேணாம்னு சொல்லு!"

"இன்னொரு லைன்ல போட்டுப் பாக்கறேன், போன எடுக்க மாட்டேங்கறான் மேடம். பறந்து வந்துகினு இருப்பான்."

கோதை திரும்பிப் பார்த்தாள். வளைவில் ஒரு வெள்ளை வண்டி திரும்பியது. ஹாரன் இல்லை. வேகமும் குறையவில்லை. லட்சுமணன் தூங்கும் வண்டியை நோக்கி நேராக வந்தது. கோதை கதவைத் திறந்து, தூங்குகிறவன் மேலேயே விழுந்து, இரண்டு கையாலும் ஹாரனை அழுத்தினாள். விடவில்லை.

பிரேக் கதறியது. புழுதி அடங்கியபோது வெள்ளை வண்டியின் மூக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தது.

ஆபிரகாம் இறங்கி வந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"டயத்துக்கு வந்துட்டேன் மேடம், கட்டு போட வெச்சிடாதீங்க. ஏறுங்க, பத்து நிமிசத்துல வுட்டுடறேன்."

ரக்ஷா பையை மாட்டிக்கொண்டு மேலே வந்து ஒரு காலை வண்டியில் வைத்தாள். கோதை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், லேட்டா லாகின் பண்ணா எனக்கு அரை நாள் லீவு போட்டுடுவாங்க. உங்க ரூல்தான் மேடம்" என்றாள் ரக்ஷா.

கோதை அவள் கையை விடவில்லை.